‘பட்டாசு வேண்டாம்’ என்று சொல்கிற பிரபலங்கள்: அண்ணன் மகனுக்கு என்ன பதில் சொல்ல?

கேள்வி: திருத்தங்கல் கணக்கர்

வணக்கம். சிவகாசிப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டையும் பிறந்துவிடும். அண்ணன் மகன் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறான். நல்ல பையன்தான். “இந்தத் தீபாவளிக்குப் பட்டாசு வேண்டாம்” என்று யாரோ ஒரு பிரபலம் பேசும் வீடியோவைப் போட்டு, “சித்தப்பா, இதுல என்ன தப்பு?” என்று கேட்டான்.

நான் உடனே 2018 கதையை எடுத்துப் போட்டேன். மறந்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஆண்டு தீபாவளிக்கு பிரியங்கா சோப்ரா, தனக்கு ஆஸ்துமா இருக்கிறது, பட்டாசைத் தவிருங்கள் என்று வேண்டுகோள் விட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஜோத்பூர் உமைத் பவன் அரண்மனையில் அவருக்குக் கல்யாணம். ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி வானவேடிக்கை. வாங்கிக் கொடுத்தது யார், யார் ஏற்பாடு என்றெல்லாம் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. வெடித்தது அவர் கல்யாணத்தில்.

அதே 2018இல் எங்கள் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பச்சை உப்பு (பேரியம் நைட்ரேட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கூடாது, சரவெடி கூடாது, தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தார்கள். தீபாவளி முடிந்ததும் ஆலைகளை மூடிவிட்டார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. சரம் பின்னுகிற பெண்களுக்குப் பீஸ் ரேட் கூலி. பின்னினால் காசு, பின்னாவிட்டால் ஒன்றும் கிடையாது. சனிக்கிழமை கூலி வாங்க வரிசையில் நிற்கிறவர்கள், அந்தச் சனிக்கிழமைகளில் கேட்டுக்கு வெளியே நின்று “எப்பண்ணே திறப்பாங்க” என்று என்னிடம் கேட்டார்கள். நான் என்ன முதலாளியா?

அலுமினியப் பவுடர் கலக்கிற ஆளின் கையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? விரல் ரேகை எல்லாம் வெள்ளியாக மின்னும். சோப்புப் போட்டாலும் போகாது, மண்ணெண்ணெய் போட்டாலும் முழுசாகப் போகாது. மத்தியானம் சாப்பிடும்போது சோற்றில் படக்கூடாது என்று ஸ்பூன் வைத்திருக்கிறார்கள். மாசு என்றால் என்னவென்று இவர்களுக்கு யாரும் வீடியோ போட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதையெல்லாம் எழுதிப் போட்டதற்கு அண்ணன் மகன் ஒரே வரியில் கேட்டான்: “அவங்க பண்ணினது தப்புன்னா, நீங்க பண்றது சரியாயிடுமா சித்தப்பா?”

எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ‘நீ மட்டும் யோக்கியமா’ என்பது ஒரு பதிலா, இல்லை வாய்ச்சண்டைதானா?

---

தலைநகர்வாசி

அண்ணாச்சி, நான் சாத்தூர்க்காரன். டெல்லியில் குடியேறி ரொம்ப காலமாச்சு. என் சின்னவனுக்கு இழுப்பு உண்டு. தீபாவளி ராத்திரி எங்கள் வீட்டில் ஜன்னலை மூடி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, நெபுலைசரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்போம். பக்கத்துப் பஞ்சாப், ஹரியானாவில் வைக்கோல் எரிகிறது, வண்டிப் புகை இருக்கிறது, குளிரில் காற்று மேலே எழும்பாமல் கிடக்கிறது, எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த ஒரு ராத்திரியில் அளவு எகிறுவது பட்டாசால்தான். ஜோத்பூரில் யார் கல்யாணத்தில் என்ன வெடித்தார்கள் என்பது அவன் நுரையீரலுக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆலையை மூட வைத்தது நடிகை இல்லை. 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகள் சார்பாக அவர்களின் தந்தைமார் போட்ட வழக்கு அது. அதில் வந்ததுதான் 2018 தீர்ப்பு. பிரபலங்கள் வீடியோவே போடாமல் இருந்திருந்தாலும் இதே தீர்ப்புதான் வந்திருக்கும். பிரியங்காவைத் திட்டினால் மனசு ஆறும், சரி. வழக்குக்கு அது பதிலாகாது. உங்கள் அண்ணன் மகன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

---

வெட்டிப்பேச்சு வேலாயுதம்

தலைநகரம் சொல்வதெல்லாம் சரி. ஆனால் திட்டுகிற சுகத்தை ஏன் கெடுக்கிறீர்கள்? படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நம் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்?

2016 மே மாதம், பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுகிற ஹாலிவுட் நடிகர் லியனார்டோ டிகாப்ரியோ பிரான்சில் கான் திரைப்பட விழாவில் இருந்தார். நியூயார்க்கில் ஒரு நதிப் பாதுகாப்பு அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. தனி விமானத்தில் போய் வாங்கிக்கொண்டு, மறுநாள் இன்னொரு விருந்துக்குத் திரும்ப கானுக்கே பறந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. நதியைக் காத்ததற்கு விருது, அட்லாண்டிக்கைத் தாண்டி இரண்டு தடவை!

2019இல் இளவரசர் ஹாரி குடும்பம் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் தனி விமானத்தில் போனது. ஊரே திட்டியதும் பாடகர் எல்டன் ஜான் முன்னால் வந்து, ‘பிரான்சுக்கு வந்த விமானம் நான்தான் ஏற்பாடு செய்தேன், அந்தப் புகைக்கு ஈடாகக் கார்பன் ஈட்டுத்தொகையும் கட்டிவிட்டேன்’ என்றார். அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் சூழலுக்கு உகந்த சுற்றுலாவுக்கென்று ஹாரி ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நேரம் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

எனக்குப் பிடித்தவர் சார்லஸ் மன்னர்தான். இளவரசராக இருந்தபோது, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுக்கு முன்னால் கொடுத்த பேட்டியில் சொன்னார்: அவருடைய பழைய ஆஸ்டன் மார்ட்டின் கார் மிச்சமான வெள்ளை ஒயினிலும் பாலாடைக்கட்டி வடித்த நீரிலும் ஓடுகிறதாம். நம் வீட்டில் மிச்சமான ரசத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓடுமா என்று பார்க்கிறேன்.

---

ரன்வே ராசா (துபாய்)

நான் துபாயில் தனி விமானங்கள் வந்து இறங்குகிற முனையத்தில் தரைப் பணியில் இருக்கிறேன். பெயர்கள் எதுவும் கேட்காதீர்கள், வேலை போய்விடும். வேலாயுதம் அண்ணன் சொன்னதில் விட்டுப்போன ஒரு பகுதியைச் சொல்கிறேன்.

வெளியே தெரிவது ஆள் ஏறுவதும் இறங்குவதும்தான். எங்களுக்குத் தெரிவது காலி விமானம். ஒருவரை இறக்கிவிட்டு, நிறுத்த இடமில்லை என்றோ, அடுத்த ஆளை வேறு ஊரில் ஏற்ற வேண்டும் என்றோ, விமானிகள் மட்டும் ஏறி வெறும் விமானமாகப் பறந்துவிடுவார்கள். கிளாஸ்கோ மாநாட்டின்போது அங்கே ஆளை இறக்கிவிட்டு, பக்கத்தில் பிரெஸ்ட்விக் விமான நிலையத்துக்கு நிறுத்துவதற்காக மட்டும் பறந்த விமானம் ஒன்று செய்தியிலேயே வந்தது. பஸ்ஸில் போகிற தூரம்தான். அப்புறம், இங்கே கோடையில் முதலாளி ஏறும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டும். அதற்காக அவர் வருவதற்கு வெகுநேரம் முன்பே வால் பகுதியில் இருக்கிற சின்ன எஞ்சினைப் போட்டுவிடுவார்கள். அதுவும் அதே விமான எரிபொருளில்தான் ஓடுகிறது. அவர் தாமதமாக வந்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிற எனக்குச் சட்டை முழுக்க அந்த வாடை. விருந்தினருக்குப் பூச்செண்டில் ஒரு இதழ் வாடியிருந்தால் மாற்றச் சொல்வார்கள்.

2024 நவம்பரில் ஒரு ஆய்வு வந்தது. உலகத்தில் 2023இல் தனி விமானங்கள் வெளியிட்ட கரியமில வாயு 1.56 கோடி டன், 2019ஐவிட 46 சதவீதம் அதிகம். அவற்றில் கிட்டத்தட்ட பாதிப் பயணம் 500 கிலோமீட்டருக்குள். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற மாதிரி தூரம்! சராசரியாக ஒரு பயணத்துக்கு 3.6 டன். இந்தியாவில் ஒரு ஆளுக்கு ஆண்டு முழுவதற்கும் சுமார் 2 டன்தான் வருகிறது.

அதே ஆய்வாளர் ஸ்டெஃபான் கோஸ்லிங் முன்பு பிரபலங்களின் சமூக வலைத்தளப் பதிவுகளை வைத்து 2017ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தார். பில் கேட்ஸ் மட்டும் 59 பயணம், சுமார் 1,600 டன். நேர்மையாக இதையும் சொல்லிவிடுகிறேன்: பருவநிலை பற்றி எழுதிய புத்தகத்தில் கேட்ஸே தான் குறையுள்ள தூதன் என்று ஒப்புக்கொள்கிறார். காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் நிறுவனத்துக்குப் பணமும் கட்டுகிறார். ஆனால் விமானத்தை விடவில்லை.

---

திருத்தங்கல் கணக்கர்

தலைநகர்வாசித் தம்பி, உங்கள் பையன் நன்றாக இருக்கட்டும். வழக்கு நடிகையால் வரவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று பாருங்கள். மூன்று குழந்தைகளுக்காக வழக்குப் போட்ட தகப்பன்மார் மேல் சிவகாசியில் யாருக்கும் தனிப்பட்ட கோபம் கிடையாது. அவர்கள் பிள்ளைக்காகப் போனார்கள். கோபம் வருவது, தனக்கு ஒரு பைசா செலவில்லாமல் அடுத்தவன் வயிற்றில் கை வைத்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறவர்கள் மேல்தான்.

---

இயற்பியல் வாத்தியார்

சார், உங்கள் கேள்விக்கு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஷாசீன் அத்தாரியும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்டது. ஒரே அறிவுரையைக் கொடுத்து, சொன்ன விஞ்ஞானி சிக்கனமாக வாழ்கிறார் என்று சிலருக்கும், அவரே ஏகமாக எரிசக்தி செலவழிக்கிறார் என்று சிலருக்கும் சொன்னார்கள். இரண்டாவது கதையைக் கேட்டவர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை குறைந்தது, தாங்களும் சிக்கனம் பிடிக்கலாம் என்ற எண்ணமும் குறைந்தது. அறிவுரை என்னவோ இரண்டிலும் சரிதான். ஆகவே ‘நீ யோக்கியமா’ என்பது தர்க்கப்படி பதில் இல்லை, மனுஷ சுபாவப்படி பதில்தான். உங்கள் அண்ணன் மகன் தர்க்கம் பேசுகிறான். நீங்கள் இரண்டாவதைப் பேசுகிறீர்கள்.

அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் விஷயத்திலும் இதுதான். 2007 பிப்ரவரியில் அவருடைய பருவநிலைப் படம் ஆஸ்கர் வாங்கிய மறுநாளே, டென்னசியில் ஒரு அமைப்பு அவர் வீட்டு மின்கட்டணத்தை வெளியிட்டது. முந்தைய ஆண்டில் ஏறக்குறைய 2,21,000 யூனிட். அமெரிக்க வீட்டுச் சராசரி 11,000கூட இல்லை. பசுமை மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்குகிறேன் என்றார். பிறகு கூரையில் சோலார், தரைக்கடியில் புவிவெப்பக் குழாய் எல்லாம் போட்டார். ஆனால் என் வகுப்பில் இன்றைக்கும் பருவநிலைப் பாடம் எடுத்தால் எவனாவது ஒருவன் அந்தக் கரண்டு பில்லைப் பற்றித்தான் கேட்கிறான். படம் வந்தபோது பிறந்தே இருக்காத பையன். எங்கிருந்து பிடித்தான் என்று தெரியவில்லை.

நம் ஊரில் நடிகர் விவேக்கை யோசித்துப் பாருங்கள். அப்துல் கலாம் சொன்னார் என்று கிளம்பி, 2021இல் இறக்கும்வரை 30 லட்சத்துக்கும் மேல் மரக்கன்று நட வைத்தார். ஒரு கோடி இலக்கு. அவர் என்ன கார் வைத்திருந்தார், எந்த ஊர் ஓட்டலில் தங்கினார் என்று யாராவது கேட்டோமா? பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளோடு அவரே குழிக்குப் பக்கத்தில் நின்றார் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவர் யாரையும் எதையும் விடச் சொல்லவில்லை. ஒன்று நடச் சொன்னார். விடச் சொல்கிறவரைத்தான் மக்கள் மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

---

வெட்டிப்பேச்சு வேலாயுதம்

வாத்தியார் சீரியஸாகிவிட்டார். அப்படியே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி, 2019இல் ஆர்க்டிக் மாநாட்டில் விருது வாங்க ஐஸ்லாந்துக்குத் தனி விமானத்தில் போனார். உள்ளூர் நிருபர் ஒருவர் இது தகுமா என்று கேட்டதற்கு, பருவநிலை மாற்றத்துக்கு எதிரான இந்தப் போரில் ஜெயிக்க உலகம் சுற்றுகிற என்னைப் போன்றவனுக்கு இது ஒன்றுதான் வழி என்ற பொருளில் பதில் சொன்னார். ‘என்னைப் போன்றவன்’! சரம் பின்னுகிற அக்காவுக்கும் இது ஒன்றுதானே வழி?

---

தலைநகர்வாசி

வேலாயுதம், கடைசி வரி நன்றாக இருக்கிறது. ஆனால் அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபப்படக் கூடாது.

2021இல் உச்ச நீதிமன்றத்தில் சிபிஐ அறிக்கை வந்தது ஞாபகம் இருக்கா? தடைக்குப் பிறகும் சில பட்டாசு நிறுவனங்கள் பேரியத்தை மொத்தமாக வாங்கியிருக்கின்றன என்று. பெட்டியில் பசுமைப் பட்டாசு (புகை குறைவாக வரும்படி செய்தது) என்ற முத்திரை, உள்ளே பழைய சரக்கு. க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து வாங்கினாலும் உள்ளே இருப்பதை நம்ப முடியவில்லை. ஜெட்டில் பறந்துவிட்டு மரம் நடச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் கணக்கு எழுதுகிறவர். பச்சை உப்பு எந்தத் தலைப்பில் வருகிறது என்று உங்களுக்குத்தானே தெரியும்?

---

திருத்தங்கல் கணக்கர்

கேட்டது நியாயம். கோபமில்லை.

எங்கள் ஆலைப் புத்தகத்தில் தீர்ப்புக்கு அப்புறம் பச்சை உப்பு இல்லை. அதற்குக் காரணம் எங்கள் முதலாளி தர்மவான் என்பதல்ல. சின்ன ஆலை, ஒரு தடவை லைசென்ஸ் போனால் எழுந்திருக்க முடியாது. வாங்கியவர்கள் இருந்தார்கள், இந்த ஊரில் அது ஒன்றும் சிதம்பர ரகசியம் இல்லை. கம்பி மத்தாப்பு, சக்கரம், பூச்சட்டி எல்லாம் அந்த உப்பை நம்பித்தான் ஓடியது. மாற்றாக ஸ்ட்ரான்சியம் போடலாம், ஆனால் விலை கூட. கடைக்காரர் பழைய விலைக்குத்தான் கேட்பார். டெல்லியிலிருந்து ஆர்டர் போடுகிற வியாபாரியே “பழைய கலர் வேணும்” என்றுதான் போனில் சொல்வார். அது தப்பு, அதைச் செய்தவன் மாட்டட்டும். நாக்பூரில் இருக்கிற நீரி என்கிற அரசுச் சுற்றுச்சூழல் ஆய்வகம் பசுமைப் பட்டாசு ஃபார்முலா கொடுத்தபோது, கையெழுத்துப் போட்டு வாங்கிப் பயிற்சிக்குப் போன ஆலைகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன. அவர்களுக்குத்தான் இந்தத் திருட்டுச் சரக்கால் முதல் நஷ்டம்.

ஆனால் வித்தியாசம் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த மொழியில், கணக்கில் சொல்கிறேன்.

பட்டாசுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. முதலில் 28 போட்டு அப்புறம் குறைத்தார்கள். அதற்கு மேல் லைசென்ஸ், ஆய்வு, நேரக் கட்டுப்பாடு, எந்த உப்பைத் தொடலாம், ஒரு அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதுவரை விதி. ஆறு மணிக்குப் பதில் ஐந்தரைக்கு வெடித்தான் என்று போலீஸ் வழக்குப் போட்ட ஊர் இது. இன்னொரு பக்கம், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறக்கிற விமானத்தின் எரிபொருளுக்கு உலகத்தில் பெரும்பாலும் வரியே கிடையாது. அந்தப் பழக்கம் 1944இல் நாடுகள் விமானப் போக்குவரத்துக்காகப் போட்ட சிகாகோ ஒப்பந்தக் காலத்திலிருந்து வருகிறது. ராசா தம்பி சொன்ன காலி விமானத்தை, நீ ஏன் காலியாகப் போகிறாய் என்று யாரும் நிறுத்துவதில்லை. பிரான்ஸ் 2025 மார்ச்சிலிருந்து தனி விமானப் பயணிகளுக்கு வரியைக் கூட்டியிருக்கிறது, தூரப் பயணத்துக்கு ஒரு ஆளுக்கு 2,100 யூரோ வரை. படித்தபோது, அட, எங்காவது ஒரு கணக்கன் வேலை செய்திருக்கிறான் என்று தோன்றியது.

ஆகவே அண்ணன் மகனுக்கு ஜோத்பூர் படத்தை இனி அனுப்பப் போவதில்லை. அது வாய்ச்சண்டைதான், வாத்தியார் சொன்னபடி மனுஷ சுபாவம். அவனுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், நீங்களும் பாருங்கள்:

“தம்பி, பட்டாசுப் புகை கெடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். பேரியம் போனதும் நல்லதுதான். உனக்கு வீடியோ அனுப்புகிற பிரபலங்களுக்கு நீ ஒரு பின்னூட்டம் போடு. பட்டாசை விடச் சொல்வதோடு, பசுமைச் சரக்குக்கு வரியைக் குறைக்கச் சொல்லியும், வேலை போன பெண்களுக்கு மூடிய மாதங்களுக்கு ஏதாவது கொடுக்கச் சொல்லியும், தனி விமான எரிபொருளுக்கு 18 சதவீதம் போடச் சொல்லியும் அவர்கள் பேசட்டும். இந்த மூன்றில் கடைசியை மட்டும் அவர்கள் வாயால் சொல்லிவிட்டால், அடுத்த தீபாவளிக்கு நம் வீட்டு வாசலில் வெடிக்கிறதை நான் நிறுத்துகிறேன்.”

அவன் இன்னும் படிக்கவில்லை. ஆபீஸ் நேரம். ராசா தம்பி, உங்கள் பக்கம் தனி விமானத்துக்கு எரிபொருள் ரசீது எப்படிப் போடுவார்கள், வரி என்று ஒரு வரியாவது இருக்குமா? தெரிந்தால் சொல்லுங்கள், குழுவில் அடுத்த சண்டைக்கு உதவும்.

---

ரன்வே ராசா (துபாய்)

ரசீது எங்கள் கைக்கு வராது அண்ணாச்சி, விமானியிடம் நேராகப் போய்விடும். நாளைக்கு இரவு ஷிஃப்டில் எரிபொருள் வண்டி ஓட்டுகிற மலையாளிச் சேட்டன் வருவார், கேட்டுச் சொல்கிறேன்.